சின்னக் கைக்குச் சின்ன ரிவால்வரா?

டெக்சாஸில் ஒரு பெண் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் கை பெரும்பாலும் ஒரே மூலைக்குத்தான் போகும்: குட்டி ரிவால்வர்கள். குழல் இரண்டு அங்குலம்கூட இருக்காது. அலுமினிய உடல். கைப்பையில் போட்டால் போட்டதே மறந்துபோகும். "உங்க கைக்கு இதுதான் மேடம் சரி" என்று எடுத்து நீட்டுவார். எனக்கும் அப்படித்தான் நீட்டினார்கள். பின்னால் நான் கூட்டிக்கொண்டு போன தோழிகளுக்கும் அப்படித்தான். கை சின்னது, துப்பாக்கியும் சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதில் பாதி உண்மையும் உண்டு. மீதிப் பாதிதான் கையை வலிக்க வைக்கிறது.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் இங்கே போகவில்லை. அது வேறு ஒரு நாள் சண்டை. எச்1பி விசாவில் இருந்தவரை அந்தக் கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு என் கணவர் ஆசைப்பட்டார், நான் முறைத்தேன். கடைசியில் அவரைவிட நான்தான் இதில் அதிகம் மூழ்கிப்போனேன். இயந்திரம் என்றால் எனக்குப் பிடிக்கும். அதிலும் ரிவால்வர் என்பது அத்தனை உறுப்பும் கண்ணுக்குத் தெரிகிற இயந்திரம்.

என் வளையல் அளவு இரண்டு-நாலு. வளையல் கடைக்காரர் என் கையை வாங்கி, கட்டைவிரல் மூட்டை உள்ளே அமுக்கிப் பார்த்துத்தான் அளவு சொல்வார். மணிக்கட்டை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வளையல் தடைபடுகிற இடம் மூட்டு என்பது அவருக்குத் தெரியும். துப்பாக்கிக் கடையில் மட்டும் எல்லோரும் மணிக்கட்டையே அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அளக்க வேண்டிய இடம் எது என்று சொல்வதற்கு முன் ஃபிரேம் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஃபிரேம் என்பது ரிவால்வரின் உடற்சட்டம்: குழல் முன்னால் திருகப்படுவதும், தோட்டாக்களைச் சுமந்து சுழலும் சிலிண்டர் நடுவில் உட்காருவதும், ட்ரிக்கர் கீழே தொங்குவதும், பிடி பின்னால் இறங்குவதும் இதில்தான். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் தன் ஃபிரேம்களை எழுத்தால் பிரித்து வைத்திருக்கிறது. 1899-இல் வந்த ஆறு குண்டு .38 ரிவால்வரின் உடல் கே. (.38, .44 போன்றவை தோட்டாவின் பருமனை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்லும் பெயர்கள்.) அதைவிடப் பெரிய .44 தோட்டாவுக்காக 1908-இல் வந்தது என். இரண்டுக்கும் நடுவே எல். 2003-இல் .500 மேக்னம் என்ற யானைத் தோட்டாவுக்காக எக்ஸ். இந்த வரிசையில் அளவில் கடைக்குட்டி ஜே.

ஜே பிறந்தது 1950-இல். அதற்கு முன் அந்த நிறுவனத்தின் சின்ன ரிவால்வர் ஐ ஃபிரேம். அது 1896-இல் .32 தோட்டாவுக்காகச் செய்தது. போலீஸ்காரர்கள் அப்போது கேட்டது .38 ஸ்பெஷல். அந்தத் தோட்டா நீளம். ஐ ஃபிரேமின் சிலிண்டருக்குள் அடங்காது. போட்டி நிறுவனமான கோல்ட் 1927 முதலே டிடெக்டிவ் ஸ்பெஷல் என்று இரண்டு அங்குலக் குழலும் ஆறு .38 குண்டும் உள்ள ரிவால்வரை விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே ஐ ஃபிரேமைக் கொஞ்சம் நீட்டி, ஐந்து குண்டோடு நிறுத்தி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் ஸ்மித் அண்ட் வெசன் காட்டியது. அதனால்தான் அதன் பெயர் சீஃப்ஸ் ஸ்பெஷல். பின்னாளில் மாடல் 36 என்று எண் வாங்கியது. இன்று சின்ன ரிவால்வர் என்று யார் பேசினாலும் அளவுகோல் அதுதான்.

ஐந்தா ஆறா என்பது வெறும் ஒரு குண்டு வித்தியாசம் இல்லை. .38 ஸ்பெஷல் தோட்டாவின் அடி விளிம்பு 0.44 அங்குலம், 11 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஐந்தை வட்டமாக அடுக்கினால் சிலிண்டரின் குறுக்களவு ஏறக்குறைய 1.3 அங்குலத்தில் முடிகிறது. ஆறாவதற்கு இடம் கொடுத்த கே ஃபிரேமில் அது 1.45. வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர். இடுப்பில் செருகிப் பார்த்தால் அந்த மூன்றரை மில்லிமீட்டர் முழங்கை அகலத்துக்குத் தெரியும், அது வேறு விஷயம். ஐந்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. சிலிண்டர் ஒவ்வொரு முறை சுழன்று நிற்கும்போதும் கீழிருந்து ஒரு பல் அதன் வெளிப்பக்கப் பள்ளத்தில் விழுந்து பூட்டும். மேலே ஒரு தோட்டா அறை குழலுக்கு நேராக நிற்கும்போது, ஆறறைச் சிலிண்டரில் நேர் கீழேயும் ஓர் அறைதான் வரும். அந்தப் பள்ளம் அறைச்சுவர் மெலிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். ஐந்தறையில் நேர் கீழே வருவது இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள தடித்த எஃகு. இவ்வளவு குட்டி சிலிண்டர், .38 ஸ்பெஷலைவிட வீரியமான .357 மேக்னம் தோட்டாவைத் தாங்குவதில் இந்த ஒற்றைப்படைக் கணக்குக்கும் பங்கு உண்டு.

மற்ற நிறுவனங்களுடையது இந்த இரண்டு எல்லையை ஒட்டித்தான் வரும். ரூகர் எல்சிஆர் 1.28 அங்குலம், ரூகரின் எஸ்பி101 1.35, கிம்பர் கே6எஸ் 1.39, பழைய கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1.4-ஐ ஒட்டி. கிம்பரும் கோல்ட்டும் அந்த அளவுக்குள் ஆறு குண்டை அடக்கிவிடுகின்றன. பார்வைக்கு எல்லாம் ஒரே குடும்பம்தான். கடைக்காரரும் அப்படியே ஒரு வரிசையில் வைத்துக் காட்டுவார். எது இன்னும் சின்னது, எது இன்னும் லேசு என்று பேச்சு ஓடும்.

ஆனால் ஃபிரேம் அளவும் பிடி அளவும் ஒன்றல்ல. இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் அந்த எக்ஸ் ஃபிரேம். இரண்டு கிலோவைத் தொடுகிற, கரடிக்கு என்று செய்த அந்த ராட்சதனின் பிடிக்குள் இருக்கும் உலோக எலும்பு கே ஃபிரேமின் வட்டப் பிடி அளவுதான். அதற்குச் செய்த ரப்பர் பிடியைக் கழற்றி கே ஃபிரேமில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். உடல் மலையளவு பெருத்தாலும் கை அப்படியேதானே இருக்கிறது!

இப்போது அளக்க வேண்டிய இடம். துப்பாக்கி காலியா என்று சிலிண்டரைத் திறந்து ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவை, பிடியின் முதுகில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே போகட்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்கட்டும். அந்தக் கோட்டைக் கலைக்காமல் ஆள்காட்டி விரலை ட்ரிக்கரில் வையுங்கள். விரலின் எந்த இடம் அதில் படிகிறது? நுனிச் சதையின் நடுவிலிருந்து முதல் மூட்டு மடிப்புக்குள் படிந்தால் நல்லது. இரட்டைச் செயல் ரிவால்வரில் ட்ரிக்கர் இழுப்பே, தோட்டாவை அடிக்கும் சுத்தியைப் பின்னுக்குத் தள்ளி விடுவிக்கும்; அந்தக் கனமான ட்ரிக்கரை இழுக்க மூட்டு மடிப்பில் விழுவதே பலருக்கு வசதி. பிடியின் முதுகிலிருந்து ட்ரிக்கரின் முகம் வரை உள்ள இந்தத் தூரம்தான் கைக்கும் துப்பாக்கிக்கும் நடக்கிற கல்யாணப் பொருத்தம் முழுவதும்.

விரல் எட்டாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நம்மை அறியாமலே துப்பாக்கியை உள்ளங்கையில் திருப்பி, விரலை எட்ட வைக்கிறோம். கோடு கலைந்துவிடும். உதைக்கும்போது அந்த உதையைக் கவை வாங்காது. கட்டைவிரலின் அடி மூட்டெலும்பு வாங்கும். இரண்டாம் நாள் காபி டம்ளரைத் தூக்கும்போது அது ஞாபகப்படுத்தும். என் கணவருக்கு இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அவர் கை பெரிது. ஜே ஃபிரேமின் சின்னப் பிடியைப் பிடித்தால் விரல் ட்ரிக்கரைத் தாண்டி இரண்டாம் மூட்டு வரை போய்விடுகிறது. இழுத்து முடிக்கும்போது விரல் நுனி அவருடைய கட்டைவிரலிலேயே முட்டி நிற்கும். குறி பக்கவாட்டில் ஓடும். "இது துப்பாக்கியா, சாவிக்கொத்தா?" என்று எரிச்சலோடு மேசையில் வைப்பார். "பிடியை மாத்திப் பாருங்க, துப்பாக்கியைத் திட்டாதீங்க" என்பேன்.

கடைக்காரர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். ஜே ஃபிரேமின் அந்தத் தூரம் குறைவு. என் விரல் அதில் சரியாக முதல் மடிப்பில் விழுகிறது. கே ஃபிரேமில் மெல்லிய மரப் பிடி இருந்தால் நுனிச் சதையின் நடு வரைக்கும் எட்டுகிறது. முதுகை மூடிய ரப்பர் பிடி போட்டால் நகத்தடிச் சதையால் சுரண்டுகிறேன். அந்த வகையில் சின்னக் கைக்குச் சின்ன ஃபிரேம் என்பது சரி.

ஆனால் எட்டுவது வேறு, இழுப்பது வேறு. கடையில் இருந்து வரும் ஜே ஃபிரேமின் ட்ரிக்கரை இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு விசை வேண்டும், ஐந்து கிலோவுக்கு மேல். 642 என்ற மாடல் போன்ற அலுமினிய உடல்காரர்களின் எடை 15 அவுன்ஸ் சுற்றி, அதாவது 425 கிராம். அரைக்கிலோகூட இல்லாத ஒரு பொருளை அசையாமல் நிறுத்திக்கொண்டு, அதன் எடையைப்போல பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஒற்றை விரலால் இழுக்க வேண்டும். குழல் நுனியில் குறி பார்க்கும் முன்சைட்டு காற்றில் இலை மாதிரி ஆடும். கனமான துப்பாக்கியில் அதே 12 பவுண்டு அவ்வளவு தெரியாது. எடையே அதை நிறுத்திவிடும். ரூகர் 2009-இல் எல்சிஆரை வெளியிட்டபோது ட்ரிக்கருக்கு உள்ளே உராய்வைக் குறைக்கும் ஒரு கேம் அமைப்பை, அதாவது இயக்கத்தை வழிநடத்தும் வளைவான பாகத்தை, வைத்தது. அதனால் அந்த இழுப்பு நடுவில் முட்டாமல் ஒரே சீராக வரும். லேசான ரிவால்வர்களில் என் விரலுக்குப் பிடித்த ட்ரிக்கர் அதுதான், தயங்காமல் சொல்வேன்.

பிறகு உதை. ஒரே தோட்டாவைச் சுட்டால், துப்பாக்கியின் எடை பாதியாகும்போது உதையின் ஆற்றல் இரு மடங்காகும். இது இயற்பியல், இதில் பேரம் கிடையாது. ஸ்காண்டியம் என்ற உலோகம் கலந்த அலுமினிய உடலும் டைட்டானியம் சிலிண்டரும் வைத்து 12 அவுன்ஸுக்குள் .357 மேக்னம் ரிவால்வரே வந்துவிட்டது. அந்த ரகத்தின் குழலிலேயே 120 கிரெய்னுக்கு, அதாவது ஏறக்குறைய 8 கிராமுக்கு, எடை குறைந்த குண்டு போடாதே என்று பொறித்திருக்கும். லேசான குண்டுத் தோட்டா டைட்டானியம் சிலிண்டரைச் சீக்கிரம் அரித்துவிடலாம் என்பது அதற்குக் காரணம். இன்னொரு தொல்லையும் உண்டு: ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் பாயும் வேகத்தில், மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் தங்கள் கூட்டைவிட்டு முன்னால் நழுவலாம். நழுவினால் சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். தோட்டாவுக்கே இந்தக் கதி என்றால் விரல் எலும்புக்குக் கேட்கவா வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், தங்கச்சி மாதிரி பழகுகிறவள், மருத்துவமனையில் இரவுப் பணி செவிலியர். நடு இரவில் வாகன நிறுத்தத்தில் தனியாக நடப்பவள். ஒரு கடையில் இந்த இறகு எடை ரகத்தில் ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். சுடுகளத்தில் முதல் சிலிண்டரைச் சுட்டு முடித்ததும் கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அக்கா, இது யாருக்கு எதிரி, எனக்கா திருடனுக்கா?" நடுவிரலின் மூட்டுக்கு மேலே தோல் சிவந்திருந்தது. அந்த இடத்தைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும். ட்ரிக்கர் வளையத்தின் பின்பக்கத்துக்கும் பிடியின் முன்பக்கத்துக்கும் நடுவே ஜே ஃபிரேமில் ஒரு வெற்றிடம் இருக்கும். பிடி மெலிந்ததாக இருந்தால் நடுவிரல் அந்த இடுக்கில் ஏறி உட்காரும். துப்பாக்கி உதைத்து எழும்பும் ஒவ்வொரு முறையும் அந்த உலோக வளையம் மூட்டில் ஒரு குட்டு வைக்கும்.

இது இன்று நேற்றைய குட்டு இல்லை. 1930-களிலேயே அந்த இடுக்கை அடைக்கும் சின்ன உலோகத் துண்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அந்த வகையில் டைலர் டி-கிரிப் என்பது இன்றும் பழைய ரிவால்வர் பிரியர்கள் தேடிப் பிடித்து மாட்டுவது. பழைய மரப் பட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் மட்டும் விரலுக்கு ஒரு மேடு கொடுத்துவிடும். பின்முதுகைத் தொடாது. அதனால் ட்ரிக்கர் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. சின்னக் கைக்காரர்களுக்கு இதைவிட மலிவான வைத்தியம் நான் பார்த்ததில்லை.

இன்றைய ஜே ஃபிரேம்களில் பெரும்பாலும் வருவது பூட் கிரிப் என்கிற குட்டை ரப்பர் பிடி. நல்ல வடிவமைப்புதான். இடுக்கை நிரப்பிவிடுகிறது, முதுகைத் திறந்தே விடுகிறது, அடியில் ஃபிரேமைத் தாண்டி நீள்வதில்லை. ஒரே குறை, சுண்டு விரலுக்கு இடமில்லை. என்னைப் போன்ற சின்னக் கைக்கே சுண்டு விரல் பாதி தொங்கும். அதைப் பிடிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன், அழகாக இல்லை, வேலை செய்கிறது. மூன்று விரலுக்கும் இடம் தரும் நீண்ட பிடி போட்டால் சுடுவது சுகம். ஆனால் ஒளிக்க முடியாது. ரிவால்வரில் சட்டைக்கு மேல் முதலில் துருத்துவது சிலிண்டர் என்று நினைப்போம். துருத்துவது பிடியின் அடி முனை. ஃபிரேம் அளவைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டு வாங்கிவிட்டு, பெரிய பிடியைப் போட்டுக் கே ஃபிரேம் நீளத்துக்குக் கொண்டுபோனால் எதற்காக அந்த ஐந்து குண்டுச் சமரசம்?

பிடி என்று வந்துவிட்டால் எல்லோரும் அகலத்தையும் நீளத்தையும் பற்றியே பேசுவார்கள். உயரத்தை யாரும் பேசுவதில்லை. கை எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவுக்குக் குழல் கையை நெருங்கும். உதைக்கும்போது வாய் மேலே துள்ளுவது குறையும். சீஃப்ஸ் ஸ்பெஷலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி இருப்பதால் ஃபிரேமின் முதுகு சீக்கிரமே வளைந்து உள்ளே போய்விடும். கவை அந்த வளைவோடு நின்றுவிட வேண்டும். 1952-இல், நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி, சுத்தியை முழுவதும் உள்ளே மூடிய சென்டெனியல் வந்தது. பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டக் கூடாது என்பதற்காக மூடினார்கள். ஆனால் மூடியதால் முதுகு மேலே வரை உயர்ந்தது. கை இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏற இடம் கிடைத்தது. இன்றைய 442, 642, 640 எல்லாம் இந்த வம்சம். இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டுப் பாருங்கள், அதே தோட்டா, அதே எடை. சென்டெனியல் துள்ளல் குறைவு. சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுத்து லேசான ட்ரிக்கரில் சுடும் வசதி போய்விடுகிறதே என்பார்கள். போகட்டும். இரண்டு அங்குல ரிவால்வரில் அந்த வசதியை நம்பிப் பழகுகிறவர்கள் கனத்த இழுப்பைப் பழகுவதே இல்லை.

2024-இல் ஸ்மித் அண்ட் வெசன், லிப்ஸீஸ் என்ற மொத்த விற்பனையாளரோடு சேர்ந்து அல்டிமேட் கேரி என்று சில ஜே ஃபிரேம்களைக் கொண்டுவந்தது. அவற்றில் எனக்குப் பிடித்தது சைட்டுகூட இல்லை. பிடிப் பட்டையின் மேல் முனை முதுகின் உச்சி வரை ஏறியிருக்கிறது. உயரத்தைப் பற்றி யோசித்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருக்கிறார் என்பது கையில் எடுத்த உடனே தெரிந்தது.

ரூகர் வேறு வழியில் போயிருக்கிறது. ஸ்மித் அண்ட் வெசனில் பிடியின் எலும்பு, முன்னும் பின்னும் வளைந்த உலோகச் சட்டம். கையை அதற்கு மேல்தான் வைக்க முடியும். ரூகரின் எஸ்பி101-லும் எல்சிஆர்-லும் அந்தச் சட்டமே கிடையாது. கீழ்நோக்கி ஒரு முளை மட்டும் இறங்குகிறது. பிடி அந்த முளையைச் சுற்றி உட்காருகிறது. அதனால் பிடி செய்கிறவருக்கு நாலா பக்கமும் சுதந்திரம். 1989-இல் வந்த எஸ்பி101 முழு எஃகு, 26 அவுன்ஸ் சுற்றி. என் தோழிகள் கையில் வாங்கியதும் "ஐயோ கனம்" என்பார்கள். ஐந்து ரவுண்டு சுட்டதும் திருப்பித் தரமாட்டார்கள். அதன் பிடி வெளிப் பார்வைக்குப் பருமனாகத் தெரிந்தாலும், முளையின் பின்னால் ரப்பர் மெத்தை இருப்பதால் உதை ஒரே இடத்தில் குத்தாமல் உள்ளங்கை முழுக்கப் பரவும். எல்சிஆரின் ட்ரிக்கர் பாகங்களும் முளையும் பாலிமர் உறைக்குள். .38 ரகம் 13.5 அவுன்ஸ்தான், ஆனாலும் அதே எடைக்காரர்களைவிட உதை மொத்தையாக, குத்தாமல் வருகிறது. கிம்பர் கே6எஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 23 அவுன்ஸ், ஆறு குண்டு, மழுங்கிய ஓரங்கள், நல்ல ட்ரிக்கர், விலைதான் வயிற்றெரிச்சல்.

இவ்வளவையும் கையில் எடுத்துப் பார்த்தபின் எனக்குப் பிடிபட்டது ஒரு சின்னக் கணக்கு. பிடியில் சேர்க்கலாம், குறைக்க முடியாது. ஜே ஃபிரேமில் முதுகு திறந்த பிடி போட்டால் கிடைக்கும் தூரம்தான் அந்தத் துப்பாக்கியின் குறைந்தபட்சம். எஃகை யாராலும் சீவிவிட முடியாது. முதுகை மூடிய பிடி போட்டால் தூரம் கூடும். ஆகவே பெரிய கைக்காரர் எந்தச் சின்ன ஃபிரேமையும் வாங்கி, பிடியால் வளர்த்துக்கொள்ளலாம். என் போன்றவர்கள்தான் எலும்பைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் நடப்பதோ தலைகீழ். பெரிய கை ஆண்களுக்கு "இது உங்களுக்குச் சின்னது சார்" என்று ஜே ஃபிரேமை மறுப்பார்கள். பெண்களுக்கு அதன் மிக லேசான ரகத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். ஃபிரேம் சரி, எடை தப்பு. அதே ஜே ஃபிரேமில் எஃகால் செய்த 640 இருக்கிறது, 22 அவுன்ஸ் சுற்றி. அதே தூரம், அதே கைப்பொருத்தம், உதை எவ்வளவோ குறைவு. யாரும் அதை முதலில் எடுத்துக் காட்டுவதில்லை.

எடை வேண்டாம், தோளில் பை கனக்கிறது என்றால், குறைக்க வேண்டியது தோட்டாவை. இங்கேதான் .32 வருகிறது. 1896-இல் அந்த ஐ ஃபிரேமோடு பிறந்த .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் தோட்டாவை அமெரிக்கா ஏறக்குறைய மறந்துவிட்டது. இந்தியா மறக்கவில்லை. அங்கே .38 சாதாரண உரிமதாரருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், அரசு ஆயுதத் தொழிற்சாலையின் ரிவால்வர் இன்றும் பெரும்பாலும் .32 தான். 2014-இல் கான்பூரில் பெண்களுக்கு என்று சொல்லி வெளியிட்ட நிர்பீக் ரிவால்வரும் அதே தோட்டாதான். டைட்டானியக் கலவை உடல், அரைக்கிலோ எடை, ஆறு குண்டு. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் விலை வைத்துவிட்டு எந்தப் பெண்ணை நினைத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அரைக்கிலோ எடைக்கு .32 என்ற சேர்க்கை, இங்கே 12 அவுன்ஸில் மேக்னம் போடுகிற அதிமேதாவித்தனத்தைவிட எனக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றுகிறது.

அமெரிக்காவிலும் காற்று கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 1984-இல் வந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னம், பழைய .32 லாங்கை நீட்டியதுதான். அந்த அறையில் பழைய .32 லாங்கையும் போட்டுச் சுடலாம். மேலே சொன்ன அல்டிமேட் கேரியில் இரண்டு மாடல்கள் இந்த .32. தோட்டா ஒல்லி என்பதால் அதே ஜே ஃபிரேம் சிலிண்டரில் ஆறு அடங்கிவிடுகிறது. செவிலியத் தங்கச்சியிடம் அந்த இறகு எடையை விற்றுவிட்டு இதை வாங்கச் சொன்னேன். சுடுகளத்தில் .32 லாங்கில் ஆரம்பித்தோம். கை உதறவில்லை. இரண்டாவது சிலிண்டரிலேயே குறிகள் ஒரு தோசைக் கரண்டி அகலத்துக்குள் வந்துவிட்டன. குறை ஒன்று உண்டு, பெரிய கடைகளின் தட்டில் .32 தோட்டா எப்போதும் கிடைக்காது. கண்ட இடத்தில் இரண்டு பெட்டி சேர்த்து வாங்கி வைக்க வேண்டும்.

பிடி பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள், கடையில் இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். சிலிண்டரை இடப்பக்கம் திறந்து, காலிக் கூடுகளைத் தள்ளும் கம்பியை அழுத்துங்கள். இரண்டு அங்குலக் குழலுக்குக் கீழே அந்தக் கம்பியும் குட்டைதான்; .38 கூட்டை முழுவதும் வெளியே தள்ளாது. ஆகவே துப்பாக்கியை வானம் பார்க்கத் தூக்கி, உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். அப்போதும் இடப்பக்கப் பிடிப் பட்டை தடித்திருந்தால், பக்கத்து அறையின் கூடு அதன் தலையில் இடித்து நின்றுவிடும். வேகமாக நிரப்பும் ஸ்பீட்லோடரும் அதே இடத்தில் முட்டும். நல்ல பிடி செய்கிறவர்கள் இடப்பட்டையின் மேல்பகுதியை ஒரு பிறை போலச் சீவிவிட்டிருப்பார்கள். அழகான மரத்தில், கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு, அந்தச் சீவல் இல்லாமல் விற்கும் பிடிகள் ஏராளம். வாங்கும் முன் ஒரு காலிக் கூட்டை விட்டுத் தள்ளிப் பாருங்கள். ஸ்பீட்லோடரும் ஃபிரேமுக்குத் தக்கபடி மாறும்: எச்கேஎஸ் நிறுவனத்தின் 36 ஜே ஃபிரேமுக்கு, 10 கே ஃபிரேமுக்கு, பழைய கோல்ட்டுக்கு டிஎஸ் என்று தனி.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஒரே ஒரு 640. குழந்தைகள் இருப்பதால் எண் பூட்டுப் பெட்டிக்குள். நான் சுடும்போது முதுகு திறந்த பூட் கிரிப். என் கணவர் சுடும்போது முதுகை மூடிய நீண்ட ரப்பர் பிடி. அவர் விரல் இப்போது முட்டுவதில்லை, சாவிக்கொத்துப் பேச்சும் நின்றுவிட்டது. நடுவில் ஒற்றைத் திருகு, மாற்ற இரண்டு நிமிடம். சாதாரண ஸ்க்ரூ டிரைவரை மட்டும் கொண்டுபோகாதீர்கள், திருகின் வாய் கிழிந்துவிடும். துப்பாக்கித் திருகுக்கென்று நேராக இழைத்த முனை விற்கிறது. தோட்டா இருவருக்கும் ஒன்றுதான், 148 கிரெய்ன் வாட்கட்டர், தட்டை மூக்கு, உதையே தெரியாது. 640-க்குள் .357 மேக்னம் போடலாம் என்று குழலில் எழுதியிருக்கிறது. ஆசைக்கு ஒரு முறை அவர் போட்டுப் பார்த்தார். பெட்டியில் மீதி அப்படியே இருக்கிறது.